கப்பலுக்கும் செக்குக்கும் இடையே

வ. உ. சிதம்பரனாரை நாம் இரு பெயர்களால் அறிவோம். கப்பலோட்டிய தமிழர் என்பது ஒன்று. செக்கிழுத்த செம்மல் என்பது மற்றொன்று. பள்ளிப் பருவத்தில் பேச்சுப் போட்டிக்கு மேடையேறிய நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கைதட்டல் பெற்றிருக்கிறோம். ஆனால் கப்பலுக்கும் செக்குக்கும் இடையே ஒன்பது நாள்கள் உண்டு. அவற்றை நம் மேடைகள் ஏனோ மறந்துவிட்டன.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் சிதம்பரனார். தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளையரின் கடல் வாணிகத்தோடு மோதினார். இவையெல்லாம் நாம் நன்கறிந்த செய்திகள்.

அதே தூத்துக்குடியில் கோரல் ஆலை என்றொரு பஞ்சாலை இருந்தது. ஹார்வி கம்பெனியார் நடத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே நூல் நூற்றனர். வேலையோ நீண்ட நேரம், கூலியோ குறைவு, ஓய்வு நாள் என்பது கனவு. அக்காலத்தில் சட்டமே இல்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். இருந்தது. 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்றது. நடுப்பகலில் அரைமணி நேரம் வேலையை நிறுத்த வேண்டும் என்றது. பெண்களுக்குப் பதினொரு மணி நேரம் என்று வரம்பும் கட்டியது. வயதுவந்த ஆண்மகன் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்பதற்கு மட்டும் அதில் வரம்பே இல்லை! அந்த வரம்பு 1911இல்தான் வந்தது. அதுவும் பஞ்சாலைகளில் நாளைக்குப் பன்னிரண்டு மணி. ஏட்டில் இருந்த வார விடுமுறையையும் கோரல் தொழிலாளர் போராடித்தான் பெற வேண்டியிருந்தது.

1908 பிப்ரவரி 23ஆம் நாள் சிதம்பரனார் தொழிலாளரிடையே பேசினார். நான்காம் நாள், பிப்ரவரி 27 அன்று, ஆலை நின்றது. கூலி உயர்வு வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வேண்டும் என்றனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர்.

வேலை நிறுத்தத்தில் பசி பெரிய பகை. அன்றாடம் உழைத்து உண்பவன் எத்தனை நாள் தாங்குவான்? ஊர் தாங்கியது. வணிகரும் வழக்கறிஞரும் பொருள் தந்து உதவினர். வேலை நிறுத்தத்தை எதிர்த்துப் பேசியவருக்கு முகம் மழிக்க நாவிதர் மறுத்துவிட்டார்! பதற்றம் கொண்ட வெள்ளையர் இரவில் கரையில் உறங்க அஞ்சிக் கடலுக்குள் நின்ற கப்பலை நாடினர். சுதேசிக் கப்பல் கிளப்பாத அச்சத்தை ஆலைத் தொழிலாளியின் ஓய்வு கிளப்பியது. கப்பல் கம்பெனிக்கு எதிராகக் கட்டணத்தைக் குறைக்கலாம்; இராட்டினத்தைவிட்டு எழுந்து நின்றவனை என்ன செய்வது?

மார்ச் 6ஆம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. தொழிலாளர் ஐம்பது பேருடன் சென்று சிதம்பரனார் பேசினார். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையாயிற்று. கல்கத்தாவிலிருந்து அரவிந்தர் தம் பத்திரிகையில் இவ்வெற்றியைப் போற்றி எழுதினார்.

ஆறே நாள்கள். மார்ச் 12 அன்று சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கோரல் தொழிலாளர் மீண்டும் ஆலையைவிட்டு வெளியேறினர். இம்முறை கூலிக்காக அன்று, தமக்காகப் பேசியவருக்காக. திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தது அதே ஆண்டு ஜூலையில்தான் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

அதே ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் கோவைச் சிறையில் சணல் கிழிக்கும் இயந்திரத்தில் கைத்தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர்ச் செக்கில் மாட்டினர். பிறருக்கு ஓய்வு கேட்டவரை மாடு செய்யும் வேலைக்குப் பூட்டினார்கள்.

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையின் கதவு திறந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. வழக்காடும் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு கடை வைத்தும் பிழைக்க முயன்றார். அந்த வறுமையிலும் அவர் தொழிற்சங்கப் பணியைக் கைவிடவில்லை. திரு. வி. க. போன்றோருடன் சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டார்.

1936 நவம்பர் 18ஆம் நாள் அவர் தூத்துக்குடியில் கண்மூடினார். அன்று நடப்பிலிருந்த சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு வாரம் 54 மணி என்று வகுத்திருந்தது. அது 48 மணியாகக் குறைய மேலும் பத்து ஆண்டுகள் சென்றன. மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்பதும், ஐந்து மணி நேரத்துக்குமேல் ஓய்வின்றி வேலை வாங்கக் கூடாது என்பதும் விடுதலை பெற்ற இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றன. அச்சட்டம் வார விடுமுறைக்குக் குறித்த நாள், தூத்துக்குடியில் கேட்ட அதே ஞாயிறு.