பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்ட பெருமகனார்



உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில், நாவல் மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் பழம்பெரும் ஊர் திருநாவலூர். அத்தகைய நம் ஊர்களில் முன்னோர் அதிகாலையில் எழுந்ததும் வேப்பங்குச்சியையோ ஆலங்குச்சியையோ ஒடித்து, நுனியை மென்று பல் துலக்கிய பின்னரே மற்றப் பணிகளைத் தொடங்குவர். அரபு நாட்டில் உகாய் மரத்தின் வேரும் கிளையும் மிஸ்வாக்காகப் பயன்பட்டன. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் துயிலெழும்போதும், தொழுகைக்கு முன்னரும், இல்லத்தினுள் நுழையும்போதும் மிஸ்வாக் செய்து வந்தார்கள். தம் சமுதாயத்தினருக்குச் சிரமமாகிவிடுமே என்ற இரக்கத்தினாலேயே அதனை ஒவ்வொரு தொழுகைக்கும் கட்டாயமாக்காது விட்டார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இத்தகைய மரபில் வந்த நாம், கன்னம் வீங்கி உறக்கம் கெட்ட பிறகன்றோ பல்லை நினைக்கிறோம்! அவ்வேளையில் நமக்குச் சிகிச்சை செய்யக் கற்றுத் தேர்ந்த மருத்துவர் இருக்கிறார் என்றால், அதற்கு வழி வகுத்தவர்களுள் முதல்வராக நிற்பவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவருடைய வாழ்வைச் சற்றே நினைவுகூர்வோம்.

அவர் 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் ஒரு மௌலவியின் மகனாகப் பிறந்தார். டாக்கா மதரஸாவிலும் பின்னர் அலிகாரிலும் பயின்றார். அதன்பின் கடல் கடந்து அமெரிக்கா சென்று, அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்பு பாஸ்டன் நகரில், குழந்தைகளின் பற்களைப் பேணுவதற்கென்றே அமைந்த ஃபோர்சைத் மருத்துவமனையில் பணியாற்றினார். பல் நோயை முளையிலேயே தடுக்க வேண்டும், அதற்குக் குழந்தைப் பருவமே ஏற்றது என்பதே அத்தகைய மருத்துவமனையின் அடிப்படை.

1919-இல் அவர் தாயகம் திரும்பினார். அக்காலத்தில் பல் மருத்துவம் கற்பிக்கும் கல்லூரி ஒன்றுகூட இந்நாட்டில் இல்லை. சந்தையிலும் தெருவோரத்திலும் அமர்ந்து பல் பிடுங்குவோரையே ஏழை மக்கள் நம்பியிருந்தனர். அமெரிக்கப் பட்டத்தை வைத்துக்கொண்டு செல்வந்தர்க்கு மட்டும் சிகிச்சை செய்து அவர் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதற்குப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டால் தாங்கள் வியப்பீர்கள். நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற பெயரில் பானக் கடையொன்றை நடத்தி, அதில் கிடைத்த வருவாயைக் கல்லூரிக்கு வழங்கினார்! இனிப்பை விற்ற பணம், பல்லைக் காக்கும் கல்விக்குப் பயன்பட்டது.

அக்கல்லூரியில் பெண்களும் பயின்றனர். முஹம்மது அலி ஜின்னாவின் சகோதரி ஃபாத்திமா ஜின்னா அங்கே கற்றுத் தேறி, 1923-இல் பம்பாயில் பல் மருத்துவமனை திறந்தார். 1925-இல் பல் மருத்துவத்திற்கென ஓர் இதழையும், வங்காளப் பல் மருத்துவர் சங்கத்தையும் டாக்டர் அஹ்மத் தொடங்கினார். 1928-இல் மாணவர்க்கென நூல் எழுதினார். தகுதியற்றோர் மக்கள் வாயில் கை வைப்பதைத் தடுக்க, 1939-இல் வங்காளத்தில் சட்டம் இயற்றப்பட அரும்பாடுபட்டார். நாடு முழுமைக்கும் அத்தகைய சட்டம் 1948-இல் வந்தது.

தம் உழைப்பால் வளர்த்த கல்லூரியைத் தம் சொத்தாக வைத்துக்கொள்ளாமல், 1949-இல் மேற்கு வங்க அரசிடமே ஒப்படைத்தார். அது அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. அம்மாநில அமைச்சராகவும் தொண்டாற்றிய அவருக்கு 1964-இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. மறு ஆண்டு இவ்வுலகை நீத்தார். நம் சென்னையிலும் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது.

வாசகரே! மருத்துவரை உருவாக்க ஒருவர் தம் வாழ்நாளை ஈந்தார். ஆனால் இரவு படுக்கைக்குச் செல்லுமுன் தங்கள் வாயைத் தூய்மை செய்ய எந்த மருத்துவரும் தங்கள் இல்லத்திற்கு வரப் போவதில்லை. அக்கடமை தங்களுடையதே.

இனிப்புத் துணுக்குகள் பல்லில் தங்கினால் நுண்கிருமிகள் அவற்றை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் அரிப்பு மிகுகிறது. எனவே காலையில் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம், ஃபுளோரைடு கலந்த பற்பசையால் மென்மையாகத் துலக்குங்கள். மிஸ்வாக்கையும் விடாதீர்கள். செங்கற்பொடி, கரித்தூள் போன்றவை மேற்பூச்சைத் தேய்த்துவிடும், அவற்றைத் தவிருங்கள். உண்டபின் வாய் கொப்பளியுங்கள். உளூவில் வாய் கொப்பளிப்பதை ஒரு சடங்காக எண்ணி அவசரமாக முடிக்காமல், நீரை வாய் முழுதும் சுழற்றி உமிழுங்கள். மூன்று மாதத்திற்கொரு முறை பல் துலக்கியை மாற்றுங்கள். குழந்தைக்கு முதற்பல் முளைத்த நாளிலிருந்தே இப்பழக்கத்தை ஊட்டுங்கள்.

இன்னொன்றையும் வருத்தத்துடன் கூற வேண்டியுள்ளது. நம் திருமண வீடுகளில் பாக்குத் தட்டு வலம் வருகிறது. நம் இளைஞர் பலர் புகையிலையை உதட்டினுள் ஒதுக்கிக்கொண்டே பள்ளிவாசல் படியேறுகின்றனர். புகையிலையில்லாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது. வாயில் ஆறாத புண்ணோ, வெண்படலமோ, வாய் திறக்க இயலாத இறுக்கமோ கண்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உயிர் காக்கும் வாய்ப்பு பெரிது.

இறைவனின் திருநாமத்தை மொழியும் வாய், அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைத் தூய்மையோடு பேணி, அவனிடமே திருப்பி ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.