சேலம் நகரசபையில் இராஜகோபாலாச்சாரியார்

பெரியோர் வரலாறு கூறப் புகுவோர் அன்னார் வகித்த உயர்பதவிகளையே விரித்துரைத்தல் வழக்கம். இந்திய மகாதேசாதிபதி பதவியை வகித்த ஒரே இந்தியர் என்னும் பெருமை சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாருக்கு உண்டு. ஆயின், யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது அப்பெருமையன்று. அவர் சிறு நகரொன்றின் தெருக்களையும் நீர்க்குழாய்களையும் பார்த்து நின்ற காலத்தையே கூற விழைகின்றோம்.

அன்னார் 1878 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆந் தேதி ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், அக்கிராம முனிசீபின் மைந்தராகப் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கற்று, 1900 இல் சேலத்தில் வழக்கறிஞரானார். தொழிலில் விரைவிற் பெரும்புகழ் எய்தினார். அறிவியற் கருத்துக்களைத் தமிழில் உரைக்கத் தக்க சொற்களை ஆக்குதற்கு 1916 இல் ஒரு சங்கம் நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 1911 இல் நகரசபை அங்கத்தவராகி, 1917 இல் அதன் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார்.

அந்நாளைய நகரசபையின் இயல்பை இளைஞர் அறிதல் நன்று. றிப்பன் பிரபு 1882 இல் உள்ளூராட்சிக்கு வழிகாட்டினார். 1884 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்து நகரசபைகள் நடைபெற்றன. நிருவாகத்தை நடத்தப் பிற்காலத்திற் போல ஆணையாளர் ஒருவர் இலர்; தலைவரே நிருவாகத் தலைவருமாவார். வீதி, விளக்கு, வடிகால், சந்தை, நீர் என்பனவெல்லாம் அவர் பொறுப்பே. வீட்டுவரி, தொழில்வரி, நீர்வரி ஆகியவற்றாற் பொருள் திரட்டல் வேண்டும். வாக்குரிமையோ வரியிறுப்போருள்ளும் ஒரு சிலருக்கே உரியது. ஆகவே, எவரிடம் வரி பெறல் வேண்டுமோ அவர்தம் தயவிலேயே தலைவர் பதவி தங்கியிருந்தது. செல்வாக்குடையோர் மனங்கோணாது நடப்பதே பலருக்கு எளிய வழியாயிற்று.

இராஜகோபாலாச்சாரியார் அவ்வழியை நாடினாரல்லர். குழாய்நீரைத் திறந்து மூடும் பணிக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பினர் ஒருவரை அமர்த்தினார். அவர் கை பட்ட நீரைக் கொள்ளோம் என அக்கிரகாரத்தார் சினந்தெழுந்தனர். எதிர்த்தவர்கள் அன்னியரல்லர்; தலைவர் பிறந்த குலத்தவர். ஊரில் மதிப்பும் சபையிற் செல்வாக்கும் உடையவர். அவர் ஒரு சொல்லால் அப்பணியாளரை வேறிடத்துக்கு மாற்றி அமைதி தேடியிருக்கலாம். அவ்வாறு செய்திருப்பின், நகரத்தின் பொதுநீர் ஒரு தெருவாரின் விருப்புக்கு உட்பட்டதாகியிருக்கும். அவர் இணங்கவில்லை. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் ஒருவர் முதன்முதலாக அந்நகரசபையில் அங்கத்துவம் பெற்றதும் அவர்தம் முயற்சியாலேயாம்.

1919 இல் சேலத்தை விட்டுச் சென்னை சேர்ந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் காந்தியடிகள் அவர் இல்லத்தில் தங்கினார். அதன்பின் அவர் வாழ்வு நாட்டு விடுதலைக்கே உரித்தாயிற்று. 1937 இல் மாகாண முதலமைச்சரானபோது மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்திலேயே முதலில் நடைமுறைப்படுத்தினார். அதனாற் குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939 இல் விற்பனைவரி விதித்தார். ஆலயப்பிரவேசத்துக்கு வழி செய்த சட்டமும் அவ்வாண்டிலேயே தோன்றியது. செலவுக்கு வரவு காணும் கணக்கறிவும், குலத்தார் சினத்துக்கு அஞ்சாத உறுதியும் சேலத்துச் சபாமண்டபத்திலேயே பயிலப்பட்டவை என்பது எம் கருத்து.

அவர்தம் பிற்காலக் கொள்கைகள் யாவும் எல்லோர்க்கும் உடன்பாடானவையல்ல. 1953 இல் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் கடும் எதிர்ப்புக்குள்ளாகி மறுவருடம் கைவிடப்பட்டது. 1972 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆந் தேதி அன்னார் மறைந்தார்.

எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் உள்ளூர்ச் சபைகளில் அமர்ந்துளர். இன்றைய மாணவர் சிலரும் நாளை அமர்வர். அச்சபைகளைச் சிறியனவென இகழற்க. ஒருவருடைய நேர்மை முதன்முதலிற் சோதிக்கப்படுவது தன் ஊர்க் குழாயடியிலேயே என்பதைச் சேலத்து வரலாறு எமக்கு உணர்த்துகின்றது.