கர்ப்பிணிகளுக்கான மாத்திரைக்கும் கீமோதெரபிக்கும் என்ன தொடர்பு? யார் இந்த சுப்பாராவ்?

தேனி, சின்னமனூர், கம்பம் என எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுப்பாங்க. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கான சிகிச்சையில் மெத்தோட்ரெக்ஸேட் முக்கியமான மருந்து. ஒன்று செல்கள் வளரத் தேவை. இன்னொன்று அந்த வளர்ச்சியைத் தடுக்கும். இந்த ரெண்டு மருந்துகளின் பின்னணியிலும் இருப்பவர், சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

மூணாவது முயற்சியில் பாஸ்

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். காசிக்குப் போய் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம்னு 13 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினார். அம்மா விடவில்லை, தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். மெட்ரிகுலேஷனில் ரெண்டு முறை தோல்வி. மூணாவது முறைதான் தேறினார்.

அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. சுதந்திரப் போராட்ட காலம். அறுவை சிகிச்சை அங்கியைக்கூட கதரில்தான் போட்டார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தகுதிதான் கிடைத்தது.

வாழ்க்கையை மாற்றிய குடல் நோய்

சுப்பாராவின் சகோதரர்களை பலிகொண்டது ஸ்ப்ரூ என்ற நோய். வயிற்றுப்போக்கு நிற்காது. சாப்பிடும் சாப்பாட்டின் சத்தைக் குடல் உறிஞ்சாது. ரத்தசோகை வந்து உடம்பு உருகிப்போகும். அப்போது இதுக்கு மருந்து கிடையாது.

மருந்து தேடித்தான் 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் சேர்ந்தார். கையில் காசில்லாததால் மருத்துவமனையில் இரவு நேர உதவியாளராக வேலை பார்த்தார். உடலில் பாஸ்பரஸை அளக்க, சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து 1925-ல் அவர் வெளியிட்ட முறை உலகம் முழுக்கப் பரவியது. உடம்புக்கு சக்தி தரும் ஏ.டி.பி. மூலக்கூறைக் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. இருந்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

சத்தும் அதன் போலியும்

ரத்தசோகையைப் போக்கும் ஒரு பொருள் ஈரலிலும் ஈஸ்ட்டிலும் இருப்பது தெரிந்திருந்தது. அதுதான் ஃபோலிக் ஆசிட். ஆனா ஈரலில் இருந்து கிடைத்ததோ துளியளவு. சுப்பாராவின் குழு 1945-ல் அதைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டியது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நல்ல பலன். சகோதரர்கள் இறந்து பல வருஷம் கழித்து மருந்து கிடைத்தது.

இங்கேதான் திருப்பம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் ஆசிட் வகை மருந்துகளை ரத்தப் புற்றுநோய் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது. காரணம், செல் ரெண்டாகப் பிரிய டி.என்.ஏ. வேண்டும், அதைத் தயாரிக்க ஃபோலிக் ஆசிட் வேண்டும். புற்றுநோய் செல்லுக்கும் அதுவேதான் தீனி.

அப்படின்னா, தீனி மாதிரியே இருக்கும் போலியைக் கொடுத்தால்? சுப்பாராவின் ஆய்வகம் அப்படித் தயாரித்ததுதான் அமினோப்டெரின். செல் அதை ஃபோலிக் ஆசிட் என்று நம்பி எடுத்துக்கொள்ளும். பிரிய முடியாமல் நின்றுவிடும். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என 1948-ல் ஃபார்பர் அறிவித்தார். கீமோதெரபி வரலாற்றில் அது பெரிய தொடக்கம். அமினோப்டெரினைவிடப் பாதுகாப்பானதாக அடுத்து வந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட்.

பார்க்காமலே போனவர்

யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் டி.இ.சி. மாத்திரையும் அவர் வழிநடத்திய ஆய்வில் வந்ததுதான். 1948 ஆகஸ்ட் 8-ல், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பால் உயிர் பிரிந்தது. கிளம்பிப் போனவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரியைக் கடைசிவரை மறுபடி பார்க்கவும் இல்லை. 1956-ல் மெத்தோட்ரெக்ஸேட் ஒரு திடக்கட்டிப் புற்றுநோயையே குணப்படுத்தியபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இன்று முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கு, பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட்டையும் சேர்த்தே டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரே மருந்துச் சீட்டில் சுப்பாராவின் ரெண்டு மருந்துகள். கர்ப்பிணிகள் மட்டும் கவனிங்க: ஃபோலிக் ஆசிட் உங்களுக்கு அவசியம், மெத்தோட்ரெக்ஸேட்டோ கருவுக்கு ஆபத்து.