ஹார்பினுக்குச் சென்ற பினாங்கு மருத்துவர்

டாக்டர் வூ லியன் தே 1879ஆம் ஆண்டு பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். பின்னர், சீனாவின் தியன்ஜின் நகரிலிருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில், சீனாவின் வடகிழக்கே உள்ள மஞ்சூரியாவில் கொடிய நோய் ஒன்று பரவியது. நோய் கண்டவர்கள் இரத்தமாக இருமி, ஓரிரு நாளில் மாண்டனர். அரசு வூவை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 31. உடன் சென்றவர் ஒரே ஒரு மருத்துவ மாணவர்.

டிசம்பர் 24ஆம் நாள் அங்குச் சேர்ந்த வூ, மூன்றே நாளில் இறந்த பெண் ஒருவரின் உடலை ஆய்வு செய்தார். பிணத்தை அறுப்பதை அக்காலச் சமுதாயம் ஏற்கவில்லை. எனவே, அதை இரகசியமாகவே செய்தார். அது பிளேக் நோய் என்பது உறுதியானது. எலிகளின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சிகளால்தான் பிளேக் பரவும் என்று மருத்துவர்கள் நம்பியிருந்தனர். வூவோ, இந்நோய் நுரையீரலைத் தாக்கி மூச்சுவழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்று கணித்தார். மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை அவர் காத்திருக்கவில்லை. வலைத்துணிக்கு இடையே பஞ்சு வைத்து முகக்கவரி தைத்து அனைவரையும் அணியச் சொன்னார். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இக்கருத்தை ஏற்காமல், முகக்கவரியின்றி நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாள்களில் அவரும் அந்நோய்க்குப் பலியானார். அதன்பின் வூவின் சொல்லைப் பலரும் ஏற்றனர்.

நோய் கடுமையாக இருந்த பகுதியை வூ நான்காகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் ஒரு மருத்துவரின் பொறுப்பில் விட்டார். மக்கள் தத்தம் பகுதிக்குரிய நிற அடையாளத்தைக் கையில் அணிந்தனர். அனுமதியின்றி வேறு பகுதிக்குச் செல்ல முடியாது. இரயில் பயணங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. இரஷ்யர்களிடம் இரவலாகப் பெற்ற சரக்குப் பெட்டிகள், நோயாளிகளோடு பழகியவர்களைத் தனிமைப்படுத்தும் அறைகளாயின.

ஆயினும், மிகக் கடினமான முடிவு இனிதான் வரவிருந்தது. கடுங்குளிரில் மண் கல்லாக உறைந்திருந்ததால் 2,000க்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. கோடைவரை விட்டுவைத்தால் நோய் மீண்டும் பரவக்கூடும் என்று வூ அஞ்சினார். உடல்களை எரிப்பதோ சீனர்களின் மரபுக்கு மாறானது. நல்லடக்கத்தை அவர்கள் எவ்வளவு புனிதமாகக் கருதினர் என்பதை உணர்ந்தால்தான் வூவின் துணிவு நமக்குப் புரியும். அவர் ஊர்ப் பெரியவர்களின் ஆதரவைத் திரட்டிப் பேரரசிடம் விண்ணப்பித்தார். அனுமதி கிடைத்ததும் தாமதிக்கவில்லை. 1911 ஜனவரி 31ஆம் நாள், சீனப் புத்தாண்டு வேளையிலேயே எரியூட்டும் பணி தொடங்கியது.

அதன்பின் இறப்புகள் குறைந்தன. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் அடங்கியது. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர். வூவோடு உழைத்த பணியாளர் பலரும் அவர்களுள் அடங்குவர்.

வூ 1937ஆம் ஆண்டு மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போவில் மருத்துவராகப் பல ஆண்டுகள் சேவையாற்றினார். 1960ஆம் ஆண்டு, பிறந்த மண்ணாகிய பினாங்கில் காலமானார்.