கற்பள்ளத்தாக்கின் பின்னல் அறைகள்

அல்சாஸ் நாட்டின் மேற்கெல்லையில், வோஜ் மலைத்தொடரின் மடிப்பொன்றுக்குள் ஒதுங்கிக் கிடப்பது பான் தெ லா ரோஷ் என்னும் பள்ளத்தாக்கு. செர்மானியர் அதனைக் கற்பள்ளத்தாக்கு என்னும் பொருள்பட ஷ்டைன்டால் என்றழைத்தனர். பெயருக்கேற்பக் கல்லும் சரிவும் மிகுந்த நிலம், நெடிய குளிர்காலம், பதினேழாம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போர் பாழாக்கிவிட்டுச் சென்ற ஊர்கள். 1767ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில், அங்குள்ள வால்டர்ஸ்பாக் என்னும் சிற்றூருக்கு லூத்தரன் திருச்சபையின் போதகராக இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அவர் கண்மூடியதும் அவ்வூரிலேதான். யோகான் பிரீட்ரிக் ஓபர்லின் என்னும் அப்பெரியார், பள்ளி வயதை எட்டாத பிஞ்சுகளுக்கென ஐரோப்பாவில் முதன்முதலாகக் கல்விக்கூடம் கண்டவர்களுள் ஒருவராக இன்று போற்றப்படுகிறார்.

அவர் 1740 ஆகஸ்டு 31ஆம் நாள் ஸ்திராஸ்பூர்க் நகரில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இறையியல் பயின்றபின் மருத்துவர் ஒருவர் இல்லத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தார். பிற்காலத்தில் மருந்தும் மூலிகையும் அவருக்குக் கைவந்தமைக்கு அவ்வீட்டு வாழ்க்கையே காரணம். பான் தெ லா ரோஷில் பணியாற்றி வந்த போதகர் ஸ்டூபர், தமக்குப்பின் அப்பொறுப்பை ஏற்க ஒருவரைத் தேடி நகருக்கு வந்தபோது, மச்சறை ஒன்றில் காகிதத் திரை கட்டிய கட்டிலில் பல்வலியோடு படுத்திருந்த ஓபர்லினைக் கண்டார். அவரோ படைப்பிரிவொன்றின் போதகராகச் செல்லவிருந்தவர். வறுமையை வறுமையென்று எண்ணாத இவ்விளைஞரே தம் மலைக்கு ஏற்றவர் என ஸ்டூபர் தேர்ந்துகொண்டார். பள்ளி, வாசிப்புப் பயிற்சி, நூல்களை இரவல் வழங்கும் ஏற்பாடு ஆகியவற்றை அங்கு முதலில் விதைத்தவர் ஸ்டூபரே. ஓபர்லினைப் புகழ்வோர் பலர் இவரை மறந்துவிடுவது முறையன்று.

ஓபர்லின் பாதை வெட்டியதும், பாலம் கட்டியதும், உருளைக்கிழங்குச் சாகுபடியைச் சீர்திருத்தியதும், பழமரங்கள் நட்டதும் பலரும் எழுதிய செய்திகள். மக்கள் தொடக்கத்தில் அவரை விரும்பவில்லை. புதுமை புகுத்தவந்த போதகரை அடித்துத் திருத்த எண்ணியவர்களும் இருந்தனர். தாமே குந்தாலி ஏந்திப் பாறையை உடைக்கத் தொடங்கிய பின்னரே அவர்கள் அருகில் வந்தனர்.

சிறுவர் கல்வியின் தோற்றத்திற்கு ஓபர்லினை மட்டும் காரணராக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பெல்மோன் என்னும் சிற்றூரில் சாரா பான்சே என்றொரு குடியானவர் வீட்டுப் பெண் இருந்தாள். பெற்றோர் வயலுக்குச் சென்றபின் கேட்பாரின்றித் திரிந்த ஊர்ப் பிள்ளைகளைத் தன்னைச் சுற்றி அமரவைத்துக் கம்பளிநூல் பின்னக் கற்றுக்கொடுத்தாள். யாரும் ஏவவில்லை, ஊதியமும் இல்லை. மகள் பொழுதை வீணடிக்கிறாள் எனத் தந்தைக்கு மனத்தாங்கல். செய்தியறிந்த ஓபர்லின் அத்தந்தையிடம் பேசி, ஊதியமும் உறுதிகூறி, 1769இல் அவளைப் பணியில் அமர்த்தினார். ஐந்தே ஆண்டுகளில், 1774இல், முப்பது வயது நிரம்புமுன் சாரா மறைந்தாள். கண்டுபிடித்தவள் அவள், கண்டுகொண்டவர் அவர். கண்டுகொள்வதும் சிறிய செயலன்று.

அவ்வழியில் திருச்சபையின் பிற ஊர்களிலும் எழுந்தவையே பின்னல் அறைகள். கணப்பு மூட்டிய வெதுவெதுப்பான கூடம். வட்டமாக அமர்ந்த பிள்ளைகள். நடுவே பின்னலூசியோடு ஊர்ப் பெண் ஒருத்தி. இளம்பிஞ்சுகளை வழிநடத்துவோர் என்னும் பொருளுடைய பெயரை அப்பெண்களுக்கு ஓபர்லின் சூட்டினார். அவருடைய துணைவியார் மதலேன் சலோமேயும் இப்பணியில் பங்கேற்றார். சற்று வளர்ந்தவர்கள் பின்னினர். மிகச் சிறியவர்கள் விளையாடினர். கை ஓயாதிருக்கக் காதுக்குக் கதை கிடைத்தது: விவிலிய வரலாறு, விலங்குகள், செடிகொடிகள். வண்ணம் தீட்டிய படங்களைக் காட்டி அவற்றின் பெயர்களைச் சொல்லவைத்தனர். நிலப்படத்தைக் கற்பித்த முறை இன்றும் வியப்புக்குரியது. முதலில் குழந்தை அறிந்த தன் பள்ளத்தாக்கு, பின்னர் அல்சாஸ், அதன்பின் பிரான்சு, இறுதியில் ஐரோப்பா. வேனிற்காலத்தில் மலைச்சரிவுகளுக்கு அழைத்துச் சென்று செடிகளை இனம்காணச் செய்தனர். பாட்டும் உண்டு, இறைவேண்டலும் உண்டு. ராபர்ட் ஓவன் ஸ்காத்லாந்தில் நியூ லானர்க் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 1816இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இம்முயற்சியின் முன்மை விளங்கும்.

எனினும் சொல்லாமல் விடலாகாத ஒன்றுண்டு. அம்மலைமக்களின் தாய்மொழி பிரெஞ்சின் கிளையான ஒரு வட்டார வழக்கு. பின்னல் அறைக்குள் அது நுழையக்கூடாது. குழந்தை நல்ல பிரெஞ்சு பேசவேண்டும் என்பது விதி. வெளியுலகின் நூலும் தொழிலும் நீதியும் அம்மொழியில் இருந்தமையால், அது தெரியாத பிள்ளைக்குப் பள்ளத்தாக்கே சிறையாகும் என ஓபர்லின் கருதினார். அக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் மூன்று வயதுக் குழந்தை, தாய் தாலாட்டிய சொல்லை வாசற்படியில் விட்டுவிட்டு உள்ளே வரவேண்டியிருந்தது என்பதும் உண்மையே. இதில் விந்தையான செய்தி ஒன்று: அவருடைய தமையனார் ஜெரேமி ஜாக் ஓபர்லின், ஸ்திராஸ்பூர்க்கில் புகழ்பெற்ற மொழியறிஞர். அதே வட்டார வழக்கை ஆராய்ந்து 1775இல் நூல் வெளியிட்டவர் அவர். தமையன் ஏட்டில் காத்த மொழியைத் தம்பி கூடத்திலிருந்து விலக்கினார். பிரெஞ்சுப் புரட்சியின் பேரவை 1794இல் ஸ்டூபரையும் ஓபர்லினையும் பாராட்டியது கூடப் பிரெஞ்சு மொழியைப் பரப்பியமைக்காகவே. மொழிப்பற்றுடையோர் இப்பாராட்டைக் கலக்கமின்றிப் படிக்க இயலாது. அவ்வாண்டின் கோடையில்தான் ஓபர்லின் கைது செய்யப்பட்டு, ரோபெஸ்பியர் வீழ்ந்தபின் விடுவிக்கப்பட்டார் என்பது அக்காலக் குழப்பத்துக்குச் சான்று.

கவிஞர்கள் அவரை அறிந்திருப்பது வேறொரு வழியால். 1778 சனவரி 20ஆம் நாள், கேத்தேயின் நண்பரும் நாடகாசிரியருமான லென்ஸ், சித்தம் கலங்கிய நிலையில் மலை கடந்து வால்டர்ஸ்பாக் வந்தடைந்தார். ஓபர்லின் குடும்பம் அவரை ஏற்றுப் பேணியது. ஆலயத்தில் பேச இடமும் தந்தார் போதகர். நோயோ முற்றியது. இரவில் நீர்த்தொட்டியில் பாய்ந்தார். அண்டை ஊரான ஃபூடேயில் இறந்துவிட்ட குழந்தை ஒன்றை எழுப்ப முயன்று தோற்றார். மூன்று கிழமைக்குள் அவரைக் காவலுடன் ஸ்திராஸ்பூர்க் அனுப்ப நேர்ந்தது. நடந்ததை நடந்தவாறே ஓபர்லின் எழுதிவைத்தார். அக்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு கேயோர்க் பியூக்னர் 1835இல் எழுதிய குறுங்கதை, ஆசிரியர் மறைந்தபின் 1839இல் அச்சேறிச் செர்மன் உரைநடையின் மணிகளுள் ஒன்றாயிற்று. இலக்கியம் படைக்கும் எண்ணம் சிறிதுமின்றி எழுதப்பட்ட குறிப்பு அது.

1783இல் துணைவியார் காலமானார். வீட்டில் ஏழு குழந்தைகள். இல்லப் பணிப்பெண்ணாகப் பதின்பருவத்தில் வந்து சேர்ந்திருந்த, பெல்ஃபோஸ் ஊரைச் சேர்ந்த லூயிஸ் ஷெப்லர் குடும்பத்தையும் பின்னல் அறைகளையும் ஒருங்கே தாங்கினார். மழையிலும் பனியிலும் ஊர் ஊராக நடந்து சென்று குழந்தைகளுக்குக் கற்பித்தார். சில ஆண்டுகளில் தமக்கு ஊதியம் வேண்டாவென்றும், பிள்ளைகளுள் ஒருத்தியாகக் கொண்டால் போதுமென்றும் போதகருக்குக் கடிதம் எழுதினார்.

1826 சூன் முதல் நாள் ஓபர்லின் மறைந்தார். ஃபூடே ஆலய முற்றத்தில் அடக்கம் நிகழ்ந்தது. அவருடைய மக்கள் லூயிசுக்குச் சொத்தில் பங்களிக்க முன்வந்தனர், அவர் மறுத்துவிட்டார். ஓபர்லின் என்னும் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள மட்டும் இசைவு கேட்டார். 1829இல் பிரெஞ்சுக் கழகம், அறச்செயலுக்கான மோந்தியோன் பரிசாக ஐயாயிரம் பிராங்கு அவருக்கு வழங்கியது. அன்று அவர் பணியை எடுத்துரைத்தவர் இயற்கை அறிஞர் குவியே. அப்பணத்தையும் லூயிஸ் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1837இல் அவர் காலமானார். அதே ஆண்டில்தான் செர்மனி நாட்டின் பிளாங்கன்பர்க் நகரில் பிரீட்ரிக் பிரோபெல் சிறுவர்க்கான நிலையமொன்றைத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார்.