மோனேயின் அல்லிக்குளம்

குளோட் மோனேயின் ஓவியங்களை நான் அச்சிலும் கணினித் திரையிலும்தான் பார்த்திருக்கிறேன். அல்லிக்குளத்தின் மேல் வளைந்து நிற்கும் ஜப்பானியப் பாலத்தை அவர் 1899-இல் வரைந்தபோது பச்சையும் நீலமும் குளுமையாக இருந்தன. அதே பாலத்தை 1920 வாக்கில் வரைந்திருப்பதைப் பாருங்கள்! செம்பழுப்பும் மஞ்சளும் தகிக்கின்றன; பாலத்தையே தேட வேண்டியிருக்கிறது. இதில் கண்புரைக்கும் பங்குண்டு என்று அறிந்த பிறகே அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

1840-இல் பாரிசில் பிறந்த மோனே, இளமையில் வறுமையை நன்கு அறிந்தவர். 1883-இல் கிவெர்னி எனும் சிற்றூரில் குடியேறிப் பின்னர் அங்கே குளம் அமைத்து அல்லி வளர்த்தார். வெளிச்சம் மாற மாற வேறு கித்தானை எடுத்து வரைகிற மனிதர் அவர்.

1912-இல் இரு கண்களிலும் புரை என்றனர் மருத்துவர்கள். முதுமையில் கண்ணின் வில்லை கலங்கி, மெல்ல மஞ்சளாகிப் பழுப்பேறும். வலி இராது. தேநீர் நிறக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் நீலம் மங்கிவிடும். மோனே வண்ணக்குழாய்களின் பெயரைப் படித்தும், தட்டில் வண்ணங்களை மாறாத வரிசையில் வைத்தும் சமாளித்தார்.

அறுவை என்றாலே அவருக்கு அச்சம். அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஓவியர் மேரி கசாட்டுக்கு அதே சிகிச்சை பலனளிக்கவில்லை. ஆனால், போர் முடிந்த 1918-இல் தம் அல்லி ஓவியங்களை நாட்டுக்கு அளிக்க முன்வந்திருந்தார். மருத்துவம் படித்தவரும் முன்னாள் பிரதமருமான நண்பர் கிளெமான்சோ விடாமல் வற்புறுத்தினார். 1922-இல் வலக்கண்ணுக்கு வெளிச்சம் மட்டுமே தெரிந்தது.

1923 தொடக்கத்தில் மருத்துவர் குத்தேலா அக்கண்ணில் அறுவை செய்தார். நாள்கணக்கில் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். கிழவருக்குப் பொறுமை ஏது? கட்டைப் பிய்க்கப் பார்த்தார். அவ்வாண்டே மீண்டும் ஒரு சிகிச்சை தேவைப்பட்டது. எடுத்த வில்லைக்கு மாற்றும் இல்லை, தடித்த மூக்குக்கண்ணாடிதான். செயற்கை வில்லையை ஹரல்ட் ரிட்லி லண்டனில் முதன்முதலில் பொருத்தியதே 1949-இல்தான்.

இன்று சிறு கீறல் வழியே புரையைக் கரைத்தெடுத்து வில்லையைப் பொருத்தி, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். புரை முற்றட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் காத்திருப்பது அந்தப் பழைய காலத்து வழக்கம். பார்வை அன்றாட வேலைக்குத் தடையானாலே மருத்துவரிடம் பேசலாம். தாத்தா பாட்டியை அழைத்துச் செல்லவேண்டியவர்கள் நாம்தானே!

அறுவைக்குப்பின் மோனேவுக்கு எல்லாம் மஞ்சளாகவும், பிறகு நீலமாகவும் தெரிந்தன. வெகுண்டார், சில ஓவியங்களை அழித்தார். நிறமேற்றிய கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிந்து, 1925 வாக்கில் வண்ணங்களை மீட்டார். இடக்கண்ணைக் கடைசிவரை தொடவிடவில்லை. அந்த ஒற்றைக் கண்ணின் துணையோடுதான் பெரிய கித்தான்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1926 டிசம்பர் 5-இல் மறைந்தார். அவை பாரிசின் ஒராஞ்சரி அரங்கின் இரு நீள்வட்ட அறைகளில் மக்கள் பார்வைக்கு வந்தது 1927 மே மாதத்தில்.