காவல் இல்லாத வாசல்: சரோஜினி யோகேஸ்வரன்

பிரதேச சபைகளுக்குச் செய்தி சேகரிக்கப் போனால் நான் முதலில் கவனிப்பது வாசலைத்தான். சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே போகலாமா? கணவனை இழந்த பெண்ணொருவர் பயமின்றித் தவிசாளரோடு கதைக்கலாமா? இந்தக் கேள்விகளோடு எனக்கு நினைவு வருபவர், யாழ். மாநகர சபையின் முதல் பெண் மேயர் சரோஜினி யோகேஸ்வரன்.

அவரும் இழப்புகளைக் கண்டவர். கணவர் வெ. யோகேஸ்வரன் 1977இல் யாழ்ப்பாணத் தொகுதியின் தமிழர் விடுதலைக் கூட்டணி நாடாளுமன்ற உறுப்பினரானார். 1981 மே 31 இரவு அவர்களுடைய வீடு எரிக்கப்பட்டது. 1989 யூலை 13இல் கொழும்பில் அமிர்தலிங்கத்தோடு யோகேஸ்வரனையும் விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர்.

1998 ஜனவரியில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, யாழ்ப்பாணம் இராணுவத்தின் பிடியில் இருந்தது. 1995 இடம்பெயர்வுக்குப் பின் திரும்பியவர்கள் உடைந்த வீடுகளில் குடியிருந்தார்கள். 1996இல் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தாய்மார் முகாம் முகாமாக அலைந்தார்கள். மாநகர சபையிடம் இருந்ததோ தண்ணீர், குப்பை, சந்தை, தெருவிளக்கு போன்ற சில பொறுப்புகளும் சொற்பப் பணமும்தான். அந்தச் சபைக்கே அவர் மேயரானார்.

பாதுகாப்புத் தர அரசு முன்வந்தபோதும் அவர் ஏற்கவில்லை. இதை வெறும் துணிச்சல் என்று நான் பார்க்கவில்லை. மகனைப் பிடித்துப்போன சீருடையைத் தாண்டித்தான் மேயரைப் பார்க்கலாம் என்றால், எந்தத் தாய் வருவாள்? நலிந்தவர்களுக்குச் சேவை எட்டாமல் போவதற்குப் படிக்கட்டு மட்டும் காரணமல்ல. வாசலில் நிற்கும் பயமும் ஒரு காரணம்.

அந்தத் திறந்த வாசலுக்கு விலை அவருடைய உயிர். 1998 மே 17இல், பதவியேற்று நான்கு மாதமாகும் முன்னரே, தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து மேயரான பொன். சிவபாலனும் அதே ஆண்டு செப்டெம்பர் 11இல் மாநகர சபைக் கட்டடத்தில் வெடித்த குண்டுக்குப் பலியானார்.

இன்று உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் போய்வர வழி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் ஒரு கையொப்பத்துக்காகப் பல நாள் அலைவதையும், கால் இழந்தவர்கள் படியடியில் காத்திருப்பதையும் நான் பார்க்கிறேன்.

மே 18 நினைவேந்தலுக்கு முதல் நாள் அவருடைய நினைவு நாள். பெரும்பாலும் பேச்சில்லாமலே அது கடந்து போகிறது. அவரை நினைக்க மேடை தேவையில்லை. உங்கள் சபையின் வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தவிசாளருக்கு எழுத்தில் கேளுங்கள்.